என் ரத்தத்தில் மாத்திரை தேடியவர்

மனிதர் வாயால் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நம்பாத ஆள் பினாங்குத் தீவில் ஒருவர்தான்: எங்கள் பிளாஸ்மா அண்ணன். மழை பெய்கிறது என்று சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைத்துப் பார்த்த பிறகே குடையை எடுப்பார்.

எண்பதுகளில் ஜார்ஜ்டவுனில் ஒரு மருந்து ஆய்வுக்கூடம். நான் தட்டச்சுக் குமாஸ்தா, அவர் லேப் டெக்னீஷியன். பிரஷர் மாத்திரையை ஆட்களுக்குக் கொடுத்து, மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்து, அதைச் சுழலவிட்டு, மேலே தெளியும் மஞ்சள் நீரில் மருந்து எவ்வளவு என்று அளப்பார். அந்த மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. மருந்து இருந்தால் அளக்கும் மெஷின் காகிதத்தில் மலைபோல் கோடு போடும். மெஷின் பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது, சிரிக்கக்கூடாது. அவர் மட்டும் அதனோடு பேசலாம்.

ஆட்கள் வெறும் வயிற்றோடு வரவேண்டும். ஒருமுறை ஒரு பஸ் கண்டக்டர் வந்தார்.

“சாப்பிட்டியா?”

“சத்தியமா இல்லண்ணே.”

அண்ணன் குனிந்து வாயை முகர்ந்தார். “மார்க்கெட் ஸ்ட்ரீட் சாம்பார்லா இது! வீட்டுக்குப் போ!”

எனக்கும் அப்போதே பிரஷர். டாக்டர் கொடுத்த மாத்திரை தலையைச் சுற்ற வைத்ததால், தினமும் விழுங்குவதாகச் சொல்லிவிட்டுக் கழிவறையில் போட்டுவந்தேன். பிரஷர் இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்.

ஒருநாள் அண்ணன் ஊசியோடு வந்து நின்றார். “தம்பி, நீ சாப்பிடுறதும் இதே மாத்திரைதானே? மெஷின சரிபாக்கணும். கொஞ்சம் ரத்தம் குடுலா.”

மறுத்தால் அந்த நிமிஷமே மாட்டிக்கொள்வேன். கையை நீட்டினேன்.

கோடு எழும்பவே இல்லை. “உனக்கு என்னடா குறை வச்சேன்?” என்று மெஷினை மத்தியானம் வரை திட்டினார். குழாயைக் கழற்றிக் கழுவி மூன்று தரம் ஓட்டினார். பிறகு, கேண்டீனில் எல்லாரும் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தபோது காகிதத்தைக் கொடிபோல் ஆட்டிக்கொண்டு வந்தார்.

“இவன் ரத்தத்துல மருந்து ஒரு பொட்டுகூட இல்லலா! பாவம், மெஷினப் போயி திட்டிட்டேன்!”

“கத்தாதீங்கண்ணே. தலை சுத்துது, அதான்...”

“அத டாக்டர்கிட்டல்ல சொல்லணும்? அவரு டோஸ ஏத்திக்கிட்டே போறாரு. ஒருநாள் பயந்துபோயி முழுங்குனேன்னு வை, பிரஷர் ஒரேயடியா இறங்கி படியிலேயே சுருண்டு விழுவ!”

புதிதாகக் கூட்டிக் கொடுத்த மாத்திரை அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில், சாப்பிட்ட பிறகு விழுங்கத்தான் எடுத்து வந்திருந்தேன்.

அவரே என்னை டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார், தலைசுற்றல் நின்றது. கேண்டீன் அவமானத்துக்காக மூன்று வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பேச்சையே நம்பாதவரைப் பேசாமை என்ன செய்யும்?

தினமும் எட்டு மணிக்கு டம்ளர் தண்ணீரும் டார்ச் லைட்டுமாக என் மேசை முன் நிற்பார். “முழுங்கு. ஆ காட்டு. நாக்கத் தூக்கு.” தட்டச்சுப் பெண்கள் சிரித்தே செத்தார்கள்.

அவர் மகள் கல்யாணத்தன்று கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் பத்தரைக்கு முகூர்த்தம். அன்றாவது தப்பித்தேன் என்று என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்குப் பட்டு வேட்டியோடு வந்து டம்ளரை நீட்டினார். என் நாக்குக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் ஃபெர்ரி பிடித்து மகளைத் தாரைவார்க்கப் போனார்.