ஷூவைக் கழற்றச் சொன்ன நாட் ஓகே

தேர்வாய் கண்டிகையில் தொடங்கி எளாவூர் சோதனைச் சாவடி வரைக்கும் எத்தனை கம்பெனி இருக்கிறதோ, அத்தனையிலும் சேர்த்துப் பொய் எழுதாத பேனா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒருவருடைய சட்டைப் பையில் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அவருக்கு லட்சணமான ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கேட்டிலிருந்து கேன்டீன் வரைக்கும் அவர் 'நாட் ஓகே'தான்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் பாவத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஓர் அட்டை தொங்கும். எண்ணெய், சூடு, சத்தம், கசிவு, பெல்ட் என்று வரிசையாகப் போட்டிருக்கும். தினமும் பார்த்து 'ஓகே' கட்டத்திலோ 'நாட் ஓகே' கட்டத்திலோ டிக் அடிக்க வேண்டும். நாங்கள் பார்க்கிறதெல்லாம் கிடையாது. திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் ஓகே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். ஒரு தடவை பழைய டிரில்லிங் மெஷின் ஒன்றைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அட்டை மட்டும் தூணிலேயே தொங்கியது. அதற்கப்புறமும் பன்னிரண்டு நாள் அந்த மெஷினுக்கு எண்ணெய் ஓகே, சத்தம் ஓகே. சத்தம் ஓகேதான், மெஷினே இல்லையே.

இந்த லட்சணத்தில் இருந்த இடத்துக்குத்தான் அவர் வந்து சேர்ந்தார். வந்த வாரமே கம்ப்ரஸருக்கு நாட் ஓகே. மேனேஜர் கூப்பிட்டு விட்டார்.

"நல்லாத்தானேயா ஓடுது?"

"ஓடுது சார். முனகிக்கினே ஓடுது."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். திறந்து பார்த்தால் பேரிங் போயிருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர்.

மனிதர் அதோடு நின்றிருக்கலாம். ஒரு நாள் வெற்று அட்டை ஒன்றை எடுத்து, மெஷின் பெயர் எழுதுகிற இடத்தில் தன் பெயரை எழுதி, கேன்டீனில் தண்ணீர் டிரம்முக்கு மேலே மாட்டிவிட்டார். எண்ணெய், சூடு இருந்த இடத்தில் தூக்கம், நாஷ்டா, தண்ணி, வலி, கோவம். தினமும் பன்னிரண்டரை மணிக்கு அதன் முன்னால் நின்று, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு டிக் அடிப்பார். பக்கத்தில் விவரம் வேறு.

'கோவம்: நாட் ஓகே. ஊட்ல சாம்பார் சரியில்லன்னு கத்தினேன். சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் தூக்கம் பத்தல. எடுத்த நடவடிக்கை: போன் பண்ணி சொல்லிட்டேன்.'

மொத்த ஷிப்ட்டும் தட்டும் கையுமாக நின்று இதைப் படித்தது. தண்ணீர் குறைவாகக் குடித்ததால் சிறுநீர் என்ன நிறத்தில் போனது என்று ஒரு நாள் விளக்கமாக எழுதினார். அன்றைக்குப் பார்த்துப் பருப்புக் கடைசல். பாதிப் பேர் சாப்பிடவில்லை. மறுநாள் நிர்வாகம் அட்டையைக் கழற்றிவிட்டது. அவர் அதைத் தன் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார்.

நான் அங்கே ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். புதுவாயலில் வீடு. அதிகாலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால், நாள் முழுக்க நட்டு, போல்ட்டு, கையுறை என்று ராக்குக்கு ராக் நடக்கிற வேலை. நடந்தால்தான் எனக்குச் சோறு. சுகர் வந்து எட்டு வருஷம். ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவேன். "எனக்கு கால் வலி, முட்டி வலின்னு எதுவுமே கிடையாது" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நான்.

ஒரு நாள் மத்தியானம் நாட் ஓகே ஸ்டோர்ஸுக்கு வந்து ஓர் அட்டையை நீட்டினார். என் பெயர் எழுதியிருந்தது. பேஜாரு பிடித்த ஆள், டிக் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஓகே, ஓகே, ஓகே என்று மேலிருந்து கீழே ஒரே இழுப்பு இழுத்துக் கொடுத்தேன். அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பேனாவ தூக்கவே இல்லியே சார் நீங்க."

"எல்லாம் ஓகேதான்யா. போய் வேலையப் பாரு."

"சுகர் எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"தீபாவளிக்கு முன்னாடி."

"எந்த தீபாவளிக்கு?"

நான் ராக்கில் இருந்த கையுறைகளை எண்ண ஆரம்பித்தேன்.

"காலு எப்டி கீது?"

"கால்ல இன்னாயா? ரெண்டும் கீது."

"ஷூவ கழட்டுங்க."

லோடு இறக்க வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் தரையில் உட்கார்ந்து என் ஷூ லேஸையே அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். இடது ஷூவைக் கவிழ்த்தார். டிங்கென்று ஒரு நட்டு விழுந்தது. எட்டு எம்.எம். நட்டு, என் ராக்கில் இருக்கிற சரக்குதான். விடிவதற்கு முன்னால் மாட்டிய ஷூ அது. அந்த நட்டை மிதித்துக்கொண்டு மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் நடந்திருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை.

சாக்ஸின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. அதை உரித்தபோது வந்த நாற்றத்தில் லோடுமேன்கள் நகர்ந்துவிட்டார்கள். அந்தப் புண் அன்றைக்கு வந்தது இல்லை, பழசு. எத்தனை நாளாக இருந்ததோ, நான் குனிந்து பார்த்ததே இல்லை. அவர் முகத்தைச் சுளிக்கவில்லை.

"இந்த பக்கமா திரும்பிக்கோங்க சார். காலப் பாக்காதீங்க. நான் தொடுறது தெரியுதா சொல்லுங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். வாய் முந்திக்கொண்டது.

"தெரியுது."



"நான் இன்னும் கை வெக்கவே இல்ல சார்."

ஐம்பத்திரண்டு வயதில், ஸ்டோர்ஸ் நடுவில், ஒற்றைக் காலில் ஷூவோடு உட்கார்ந்து அழுதேன். அவர் பார்க்காத மாதிரி அந்த நட்டைத் துடைத்துத் திரும்ப ராக்கில் போட்டுவிட்டு, பைக் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பின்னால் உட்கார வைத்து, வழி நெடுக லாரிகளுக்கு நடுவே புகுந்து கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிப் போனார். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். ஒரு விரலை எடுத்ததோடு போனது.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் வந்துவிடுவார். கட்டுப் பிரிக்கும்போது நர்ஸ் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். நான் வீட்டுக்கு வந்த பிறகும் வந்தார். புண்ணில்லாத காலைத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துணியால் ஒற்றி என் மனைவிக்குக் காட்டிக் கொடுத்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"விடுயா. என் காலைப் போயி தொட்டுக்கினு."

அப்போதுதான் அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். எளாவூர்ப் பக்கம் லாரி ஓட்டியவராம். ஒரு வாரமாகவே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டால் "நல்லா கீறேன்டா" என்பாராம்.

"நானும் சரின்னு நாஷ்டா துன்னுட்டு டூட்டிக்குப் போய்க்கினு இருந்தேன் சார். எட்டாவது நாள் வண்டியிலயே போயிட்டாரு. ஒரு மெஷினு நின்னா யாரு கடைசியா ஓகே போட்டதுன்னு தேடிப் புடிச்சி மெமோ குடுக்கறாங்க. எங்கண்ணன் நின்னதுக்கு எனக்கு ஒருத்தனும் மெமோ குடுக்கல."

சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். என் மனைவி காபி போட உள்ளே போய்விட்டாள்.

இப்போது அவர் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். எல்லோரையும் போல "எப்டி கீறீங்க" என்று கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "பாத்தீங்களா?" என்றுதான் கேட்பார். பாதத்தைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்வேன். என் அக்கா தம்பிகளிடமெல்லாம் "நல்லா இருக்கேன்" என்று சொல்கிற வாய்தான் இது.

போன ஞாயிறு எப்படியாவது சொல்லிவிடுவது என்று இருந்தேன். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம். கூடப் பிறந்தவர்கள் மேல்கூட இவ்வளவு இல்லை. "யோவ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்யா" என்று ஆரம்பித்தேன். அதோடு நின்றுவிட்டேன்.

"சரி சார், அப்புறமா சொல்லுங்க. மொதல்ல செருப்ப போடுங்க. வெறுங்கால்ல நின்னுக்கினு பேசாதீங்க."

வெறுங்காலோடுதான் நின்றுகொண்டிருந்தேன்.