சேவுகப்பெருமாள் பார்த்தவை

காரைக்குடியில் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்த சேவுகப்பெருமாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. டிவியில் செய்தி தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்பதை ஒரு விரதமாகவே கடைப்பிடித்துவருவதாக அவரே எல்லாரிடமும் சொல்லிவந்தார். சித்திரையில் பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கிக் கூடத்தில் மாட்டியதுகூடச் செய்தியைப் பெரிதாகப் பார்க்கத்தான்.

ஆவணியில் மகள் அனுசுயாவைப் பெண் பார்க்க நாட்டரசன்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வந்தவர்களுக்கு உலக நிலவரம் காட்டலாம் என்று டிவியைப் போட்டார். திரையில் எழுத்து வந்தது. அதோடு நிற்காமல் ஒரு பெண் குரல் அதை வாசிக்கவும் செய்தது.

"வணக்கம் சேவுகப்பெருமாள். 'மழையில் வந்த மணமகள்' தொடரை முழுவதும் பார்த்துவிட்டீர்கள். அதன் பதினான்காம் பகுதியை நேற்று நான்காவது முறையாகப் பாதியில் நிறுத்தினீர்கள். தொடரலாமா?"

கொரியாவில் எடுத்துத் தமிழ் பேசவைத்த காதல் தொடர் அது.

"யாரோ மாத்திப் போட்டுருக்காக," என்றார் அவர். அதற்குள் டிவி, இந்த மாதம் அவர் பார்த்த செய்தி மொத்தம் பதினொரு நிமிடம் என்றும் சொல்லி முடித்திருந்தது.

"இளகின மனசுக்காரக," என்று மாப்பிள்ளையின் தாயார் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் பழுதில்லை. பழுது அலுவலகத்தில்தான். இரண்டே நாளில் சேதி அங்கே எட்டி, அவர் மேசையில் யாரோ ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பர் வைத்திருந்தார்கள். விடுப்பு கேட்டு வந்தவர்கள் முதல்முறையாக அவரைப் பார்த்துப் பயப்படவில்லை. இப்படியே போனால் நிர்வாகம் என்னாவது?

"வீட்டுக்குள்ள நான் பாக்குறத இது எப்படி ஒளிஞ்சு பாக்கலாம்?" என்று மனைவி வீரலட்சுமியிடம் பொருமினார்.

"மாட்டுன அன்னைக்கு அது நாப்பது பக்கம் காட்டுச்சு. படிக்காம சரி, சரின்னு அமுக்குனது நீகதான?"

"ஆபீசுலயும் அப்படித்தான கையெழுத்துப் போடுறேன்! அங்க ஒண்ணும் ஆகலையே!"

வீட்டில் பார்ப்பது வெளியே போகாமல் காக்க அரசு வைத்திருந்த இல்லப் பார்வை இரகசியக் காப்பு அலுவலகத்துக்கு மனுவோடு போனார். அலுவலர் ஞானசம்பந்தம் அதை இரண்டு முறை படித்தார்.

"இரகசியம் போயிருச்சுங்கிறீக. எந்த இரகசியம்னு விவரம் இல்லையே?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் அது எப்படிங்க இரகசியம்?"

"விவரம் தெரியாத இரகசியத்த நாங்க எப்படிக் காப்பாத்துறது? பாத்ததெல்லாம் தேதிவாரியா எழுதிக் குடுங்க, மூணு நகல். ஒவ்வொரு பகுதிக்கும் கதைச்சுருக்கம் வேணும். வேற கதையோட கொழம்பிடக் கூடாது பாருங்க."

சேவுகப்பெருமாளுக்கு இது புதிதில்லை. இருபது வருடமாக அவரும் வருகிறவர்களிடம் இப்படித்தான் கேட்டுவந்தார். நான்கு நாள் உட்கார்ந்து எழுதினார். பதினான்காம் பகுதியில் தாள் நனைந்துபோனதால் அதை மட்டும் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

விதிப்படி அந்தப் பட்டியல் பொது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. 'மேற்கண்டவை இரகசியம் என்பதில் ஆட்சேபணை உள்ளோர் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

அரியக்குடியிலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்து படித்துச் சிரித்தார்கள். மூன்றாம் நாளில் முதலாவது ஆட்சேபணை வந்தது. எழுதியவர் தலைமையாசிரியை யோகலட்சுமி. பிள்ளைகள் டிவி பார்ப்பதைக் கண்டித்துப் பள்ளியில் வாராவாரம் பேசுகிறவர்.

'நான் இப்போதுதான் பதினெட்டாம் பகுதியில் இருக்கிறேன். கடைசியில் கதாநாயகி கண் திறந்துவிடுவாள் என்பதைத் தங்கள் அலுவலகம் ஊரறியச் சொல்லிவிட்டது. என் மன உளைச்சலுக்கு யார் பொறுப்பு?'

அடுத்த ஒரு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதே குறையை எழுதினார்கள். டிஷ்யூ பெட்டி வைத்தவரும் அதில் ஒருவர்.

ஞானசம்பந்தம் அசரவில்லை. எல்லாருக்கும் ஒரே பதில் போனது: 'தாங்கள் அந்தத் தொடரைப் பார்த்துவந்தீர்கள் என்பதற்கு ஆதாரமாகத் தங்கள் வீட்டுப் பார்வைப் பட்டியலை மூன்று நகல்களில் இணைக்கவும். அதுவும் பலகையில் ஒட்டப்படும்.'

ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. அடுத்த வீட்டுப் பட்டியலைப் படிக்க அவ்வளவு ஆசை. பலகை போதாமல் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்து அதிலும் ஒட்டினார்கள்.

ஒரு நாள் காலையில் அந்தச் சுவரோரம் நின்ற சேவுகப்பெருமாளைத் தேடி வந்து, காப்பு அலுவலகப் பியூன் மருது உத்தரவை நீட்டினார். 'தங்கள் விவரங்கள் அனைத்தும் ஊரறிந்தவை ஆகிவிட்டதால், காக்க வேண்டிய இரகசியம் எதுவும் மிச்சமில்லை. கோப்பு மூடப்படுகிறது.'

"ஐயா, உங்க உத்தரவு வந்துருச்சு."

"இருக்கட்டும். கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லுப்பா," என்றார் சேவுகப்பெருமாள். "தலைமையாசிரியை பட்டியல் மறைக்குது."