குறை எண் 613

அந்தரபுரி நாட்டை வரைபடத்தில் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வரைபடத்துறை அந்த நாட்டை இன்னும் முழுதாக வெளியிடவில்லை. வெளியிட்ட பகுதியில் ஓர் அரண்மனையும், ஓர் ஆறும், ஆற்றின் குறுக்கே முக்கால் பாலமும் உண்டு.

அந்தப் பாலத்தில் தவசி என்பவன் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தான். பதவியின் பெயர் விழுந்து பார்ப்போன். பாலத்துறை ஒரு பலகையை மாட்டியதும் தவசி அதன்மேல் நடப்பான். விழுவான். நீந்திக் கரையேறி, எந்தப் பலகை, எந்தக் கால் முதலில் வழுக்கியது, விழும்போது முகம் எந்தத் திசையில் இருந்தது என்பதையெல்லாம் ஓலையில் எழுதி, எண் போட்டு மேலிடத்துக்கு அனுப்புவான். ஆறு வருடத்தில் அறுநூறு ஓலை. மேலிடம் ஒன்றையும் படித்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தவறாமல் நன்றி தெரிவித்தது. திறப்பு விழா நெருங்கிய மாதங்களில் ராப்பகலாக விழ வேண்டியிருந்தது. அப்போதும் துறை ஊழியர்களைக் கைவிடவில்லை. கூடுதலாக விழுந்தவர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் கொடுத்தது.

தவசியின் மனைவி பூவாத்தாள் ஏழாம் மாதம் வளையல் போட்டுக்கொண்டு, தலைப்பிரசவத்துக்காக அக்கரையிலிருந்த தாய்வீட்டுக்குப் பரிசலில் போனாள். அவள் இறங்கிய மறுவாரமே பரிசல்கள் தடை செய்யப்பட்டன. மக்கள் அக்கரையை முன்கூட்டியே பார்த்துவிட்டால் பாலத்தின் சுவாரசியம் கெட்டுவிடும் என்று ஆணை விளக்கியது. இரண்டு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்த செய்தியை மாமியார் ஆற்றங்கரையில் நின்று கத்தித்தான் தெரிவித்தாள். தாயையும் பிள்ளையையும் புருஷன்காரன் நேரில் வந்து அழைத்துப் போவதுதான் முறை என்று மாமனார் அதற்கு மேலே ஒரு கத்துக் கத்தினார். தவசிக்கு இருந்த ஒரே வழி பாலம்.

பாலம் அந்த வாரமே திறக்கப்பட்டது. பாலத்துறை அமைச்சர் பெருநம்பியார் மேடையேறினார்.

“பாலம் முடிந்துவிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள்” என்றார் அமைச்சர். “முடிந்த பாலத்தைக் கடக்கத்தான் முடியும். முடியாத பாலத்தின் மீது நம்பிக்கை வைக்கலாம்.”

ஜனங்கள் நெகிழ்ந்து போனார்கள். பாலத்தைப் பார்க்காமலேயே முன்பதிவு செய்திருந்தவர்களுக்கு மயிலிறகு செருகிய தலைப்பாகை வழங்கப்பட்டது. தவசியும் ஒன்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். அறுநூறு தடவை அதே பாலத்திலிருந்து விழுந்தவனும் முன்பதிவு செய்திருந்தான்.

ஒரு சீட்டுக்கு மூன்று உயிர். அதாவது மூன்று தடவை விழலாம். மூன்றும் தீர்ந்தவர்கள் ஓர் உயிருக்கு நாலு நாழிகை வீதம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் பக்கத்துக் கடையில் உயிர் வாங்கிக்கொள்ளலாம். கடை பாலத்துக்கு முன்பே முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்தது.

முதல் வாரத்தில் நாலாயிரம் பேர் விழுந்தார்கள். அமைச்சர் மாடத்திலிருந்து அதைப் பார்த்து யோசனையில் ஆழ்ந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு நாற்பது பேர் விழுகிற வேலையைச் சீட்டு வாங்கிக்கொண்டு நாலாயிரம் பேர் செய்கிறார்கள். ஆகவே பாலத்தின் மாபெரும் வெற்றியைக் கொண்டாடும் விருந்தில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே, விழுந்து பார்ப்போர் நாற்பது பேரும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அவர்களும் இந்தக் குடும்பத்தின் அங்கம் என்று சொன்னபோது அமைச்சருக்குக் குரல் தழுதழுத்தது.

மறுநாள் காலை தவசி சீட்டு வாங்குகிற வரிசையில் நின்றான். பழக்க தோஷத்தில் விழுந்த பிறகு ஓலை எழுதுவதையும் விடவில்லை.

பாலம் முப்பது நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இல்லாத பலகைகளைப் பெட்டியில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது திறந்தால்தான் தெரியும். பலகையும் இருக்கலாம், அமைச்சரின் திருவுருவப் படமும் இருக்கலாம். தவசி பன்னிரண்டு பெட்டி வாங்கினான். பதினோரு அமைச்சர்கள் வந்தார்கள். பன்னிரண்டாவதில் வந்த பலகையை ஆவலோடு மாட்டப் போனால், ஆணிப் பெட்டி தனி என்றார்கள்.

காலை வேளையில் காற்று அடங்கியிருக்கும்போது பூவாத்தாளின் குரல் அக்கரையிலிருந்து நன்றாகக் கேட்கும்.

“ஏங்க, புள்ள குப்புற விழுந்துட்டா, தவழ்ந்துட்டா, பல்லும் மொளைச்சாச்சு. நீங்க எங்க இருக்கீங்க?”

“பதினாலாவது நிலையில இருக்கேன் புள்ள.”

“எங்கப்பன் வீட்டுக்கு எத்தனையாவது நிலை?”

“அத இன்னும் வெளியிடல.”

 அவசரம் ஒன்றுமில்லை, இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது வந்தால் போதும் என்று கத்திவிட்டுப் போனாள்.

முணுமுணுப்பு அதிகமானதால் மன்னர் கருத்துக் கேட்புத் தேர்தல் நடத்த உத்தரவிட்டார். பாலம் அருமை, பாலம் மிக அருமை என்று இரண்டு சின்னங்கள். தலைப்பாகை உள்ளவர்களுக்கு இரண்டு ஓட்டு. அனல் பறந்த பிரசாரத்தில் இரு தரப்பும் மண்டையை உடைத்துக்கொண்டன. முடிவில் ‘அருமை’ டெபாசிட் இழந்தது. அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களை ஊரில் இன்னும் தேசவிரோதிகள் என்றுதான் சொல்கிறார்கள்.

இதற்கிடையில் புது மாதிரியான ஒரு புகார் கிளம்பியது. முன்புபோல் இல்லை, இப்போதெல்லாம் விழுந்தால் வலிக்கிறது என்றார்கள். ஒருவருக்கு முட்டி பெயர்ந்தது. ஒருவருக்குப் பல் போயிற்று. விழும் அனுபவம் முன்னைவிடத் தத்ரூபமாக மேம்படுத்தப்பட்டிருப்பதாக அமைச்சகம் அறிக்கை விட்டது. விழுந்தவர்கள் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, இருந்த உயிரை எண்ணிப் பார்த்து, திரும்பவும் பாலத்தின் தொடக்கத்துக்கு ஓடினார்கள். தவசி மட்டும் பொறுப்பாக உட்கார்ந்து எழுதினான்: குறை எண் 613. விழும் இடத்தில் தண்ணீர் இல்லை. உடனே கவனிக்கவும்.

மேலிடம் நன்றி தெரிவித்தது.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலை தவசி இருபத்தோராம் நிலையின் கடைசிப் பலகையில் நின்றிருந்தான். இதுவரை யாரும் வந்திராத இடம். கைவசம் ஓர் உயிர்தான் பாக்கி. எதிரே பலகையில்லாத வெற்று வெளி. பின்னால் முன்னூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

“ஏங்க.”

குரல் கீழேயிருந்து வந்தது. குனிந்து பார்த்தான். மணலில் பூவாத்தாள் நின்றிருந்தாள். தலையில் துணிமூட்டை, இடுப்பில் குழந்தை. அவளுக்குப் பின்னால் அக்கரை வரைக்கும் நேர்கோடாகக் காலடித் தடம்.

“நீ எப்படி வந்த?”

“நடந்து.”

“பாலம் இல்லாமயா?”

“தண்ணி இல்லாம.”

தவசிக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. “தண்ணி இல்லன்னு எனக்கும் தெரியும் புள்ள. எழுதியே குடுத்திருக்கேன். அறுநூத்திப் பதிமூணு.”

“கீழ பாத்து எழுதத் தெரிஞ்சுதில்ல? அப்படியே கீழயே நடந்து வந்திருந்தா ஆகாதா? மாப்பிள்ள வந்து அழைச்சாத்தான் முறைன்னு எங்கப்பன் இன்னும் வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் முறையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு கெளம்பி வந்துட்டேன். எறங்குங்க.”

மேலே சலசலப்பு எழுந்தது. அவள் மணலில் வந்தது பகல் கொள்ளை என்று ஒரு ஜவுளி வியாபாரி கொதித்தார். அவருக்கு இரண்டு கையிலும் கட்டு.

“மாசக்கணக்கா சீட்டு வாங்கி விழுந்துக்கிட்டிருக்கோம்” என்றார் அவர். “இந்தம்மா பாட்டுக்குச் சும்மா நடந்து வந்துட்டா நாங்கல்லாம் என்ன கேனயனுங்களா?”

 காவலர் ஒருவர் எட்டிப் பார்த்து, கடைசி உயிரைப் பாலத்தில் பயன்படுத்தாமல் குதித்தால் அது செல்லாது என்று தவசியை எச்சரித்தார். தவசி குழந்தையைப் பார்த்தான். கீழ்வரிசையில் இரண்டு பல். பல் முளைத்ததைக் காதால் கேட்டிருந்தானே தவிர, கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு குதித்தான்.

மணலில் விழுந்து எழுந்தபோது கை தானாக இடுப்பில் ஓலையைத் தேடியது. பூவாத்தாள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். குழந்தை அவனைப் புது ஆள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்போது மேலே தப்பட்டை ஒலித்தது. பல்லக்கில் வந்திறங்கிய அமைச்சர் பெருநம்பியார் ஓர் ஓலையை விரித்துப் பிடித்தார்.

“உங்கள் குரல் எங்கள் செவியில் விழுந்துவிட்டது. குறை எண் அறுநூற்றுப் பதின்மூன்று. விழும் இடத்தில் தண்ணீர் வேண்டும் என்ற மக்களின் கோரிக்கை இன்று ஏற்கப்படுகிறது. ஆறு எங்கும் போய்விடவில்லை. நாலு மாதமாக மேலே மதகுக்குப் பின்னால் பத்திரமாக அடைத்து வைத்திருக்கிறோம். நாளை முதல் தனிக் கட்டணத்தில் அது உங்களுக்கே கிடைக்கும். ஆறு வேண்டுவோர் கையைத் தூக்குக.”

ஆனந்தக் கூச்சல் பாலத்தை உலுக்கியது. இரண்டு பலகை கழன்று விழுந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜவுளி வியாபாரி கட்டுப்போட்ட இரண்டு கையையும் தூக்கினார்.

தவசியின் கண் கலங்கியது. “பூவு, அது நான் எழுதுனது. இத்தனை வருஷத்துல மொத மொதல்ல ஒண்ணப் படிச்சிருக்காங்க.”

அவனுடைய வலது கை மெல்ல மேலே கிளம்பியது. தோள் உயரத்துக்கு வந்ததும் பூவாத்தாள் குழந்தையை அதில் வைத்தாள்.

“புள்ள நெளிவா. ரெண்டு கையாலயும் புடிங்க” என்றாள். மூட்டையைச் சரிசெய்துகொண்டு இக்கரையிலிருந்த தங்கள் வீட்டைப் பார்த்து நடந்தாள். தூக்க ஒரு கையும் மிச்சமில்லாத தவசி அவள் பின்னாலேயே போனான்.

பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து எழுத்தர் ஒருவர் கைகளை எண்ணிக்கொண்டு வந்தார். அப்பன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த குழந்தைக்கு, ஆடுகிற அத்தனை கைகளையும் பார்த்து ஒரே குஷி. அதுவும் தன் கையைத் தூக்கி ஆட்டியது.

எழுத்தர் அதையும் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.