சந்துக்குள் எரிந்த சிவப்பு விளக்கு

சிக்னலைச் சோதிக்க வேண்டுமானால் அதை எரியவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஹார்ட்விக் லோபல் செய்த குற்றமும் அவ்வளவுதான்.

ஹார்ட்விக் ஓய்வுபெற்ற டிராம் மின்பணியாளர். ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில், சின்ன ஊர் ஒன்றில், தோட்டத்துக் கொட்டகை நிறையப் பழைய சிக்னல்கள் வைத்திருந்தார். ஒவ்வொன்றின் கண்ணாடியையும் திருகாணியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவார். தன் முகத்தை அவர் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை என்பது மனைவி ரோஸ்விதாவின் புகார்.

நாற்பத்து மூன்றாவது சிக்னல்தான் அவருடைய உயிர். கிழக்கு ஜெர்மனி காலத்துப் பாதசாரி சிக்னல். சிவப்பில் தொப்பிக்கார மனிதன் கைகளை விரித்து நிற்பான். பத்தொன்பது வருடம் தேடிக் கிடைத்தது. பச்சைக்குப் பல்பு இல்லை. பகல் வெளிச்சத்தில் சிவப்பு எப்படித் தெரிகிறதென்று பார்க்க, ஒரு வியாழக்கிழமை காலை அதை வாசல் கம்பத்தில் மாட்டி எரியவிட்டார்.

எதிர்ப்பக்கம் பன் பையோடு வந்த பக்கத்து வீட்டு மெக்டில்ட் சட்டென்று நின்றாள்.

சந்தின் அகலம் நாலு எட்டு நடைதான். கார் நுழையக் கூடாது என்று முனையில் பலகை உண்டு. மறுமுனை ஆற்றில் முடிகிறது.

"என்ன மெக்டில்ட், வீட்டுக்குப் போகலையா?"

"சிவப்பு எரியுதே!"

"அட, இது என் சேகரிப்பும்மா. வா."

"நல்லா இருக்கே! தள்ளுவண்டியில குழந்தை இருக்கு. அது முன்னாடி சிவப்புல கடக்கச் சொல்றியா?"

அவள் பின்னால் ஒரு தாய் தள்ளுவண்டியோடு நின்றிருந்தாள்.

"குழந்தை தூங்குதே!"

"நடுவுல முழிச்சுட்டா?"

நியாயமான கேள்விதான். ஹார்ட்விக் பிளக்கைப் பிடுங்கப் போனார். "ஜனங்க நிக்கும்போது சிக்னல்ல கை வைக்காதீங்க, குற்றம்!" என்று கூட்டம் கத்தியது. அதற்குள் பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள். யாரோ நகர ஒழுங்குத் துறைக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

அதிகாரி ஸ்ட்ரூபே கோப்போடு வந்தார். எதிர்ப்பக்கம் நின்றபடியே உரக்க வாசித்தார்: "மேற்படி சாதனத்துக்குப் பதினோரு குடிமக்கள் கீழ்ப்படிந்துள்ளபடியால், அது பொதுச் சிக்னல் எனக் கருதப்பட்டு, பொதுநலன் கருதிப் பறிமுதல் செய்யப்படுகிறது."

ஹார்ட்விக் சிக்னலை அண்ணாந்து பார்த்தார். பத்தொன்பது வருடம்!

"சரி சார், வந்து எடுத்துக்கோங்க" என்றார், அழாத குறையாக.

ஸ்ட்ரூபே ஒரு காலைத் தூக்கினார். சிவப்பைப் பார்த்தார். தள்ளுவண்டியைப் பார்த்தார். காலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"பச்சை வரட்டும்."

"பச்சைக்குப் பல்பே இல்லை சார்."

"அப்போ அணைங்க."

"பொதுச் சிக்னலை நான் எப்படி சார் அணைக்கறது? குற்றமாச்சே!"

ரோஸ்விதா ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிவப்பு எரியும்வரை சிக்னல் பிழைக்கும் என்று ஹார்ட்விக்குக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அறுபது வயது பல்பு. அணைந்துவிடாதே என்று அவர் மனத்துக்குள் அதைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் போயிற்று. மெக்டில்டின் பன்கள் தீர்ந்தன; கடைசி பன்னை ஸ்ட்ரூபேதான் தின்றார்.

"லோபல், இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

"இது சிக்னல் இல்லைன்னு எழுதிக் கொடுங்க. அடுத்த நிமிஷம் அணைச்சிடறேன்."

"அப்படி எழுதினா, இவ்வளவு நேரம் நான் எதுக்கு நின்னேன்னு மேலிடத்துல கேப்பாங்களே?"

"பன் சாப்பிட நின்னேன்னு சொல்லுங்க!" என்றாள் மெக்டில்ட், எரிச்சலோடு.

வேறு வழியில்லை. 'இது சிக்னல் அன்று என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது' என்று எழுதி, கையெழுத்திட்டு, பையிலிருந்த முத்திரையையும் குத்தினார். ஆனால் தாளைக் கொடுக்கச் சந்தைக் கடக்க வேண்டுமே? அரசு ஆவணத்தைக் காகித ராக்கெட்டாக மடித்து வீசினார். அது நேராக ஹார்ட்விக்கின் மார்பில் வந்து விழுந்தது.

பிளக் பிடுங்கப்பட்டது. சிவப்பு அணைந்தது. எல்லோரும் வலமும் இடமும் பார்த்துக் கடந்தார்கள். ஸ்ட்ரூபே மட்டும் கடக்கவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் இப்போது வேலை இல்லை.

ஹார்ட்விக் சிக்னலைக் கட்டிப்பிடிக்காத குறையாகக் கொட்டகைக்குள் கொண்டுபோனார். வாசலருகே மாட்டி, சுவிட்சைப் போட்டு, எட்ட நின்று ரசிக்க உள்கோடிக்குப் போனார். அழகாக எரிந்தது.

"சூப் ஆறுது, வாயேன்!" என்று ரோஸ்விதா கூப்பிட்டாள்.

வாசலைப் பார்த்துக் கிளம்பியவர் பாதியில் நின்றார். சுவிட்ச் சிக்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சட்டைப்பையில் முத்திரை குத்திய சான்று இருந்தது. எடுத்து இன்னொரு முறை படித்தார். மடித்து வைத்துக்கொண்டு, நின்றார்.

திட்டுவதற்காக ரோஸ்விதா வேகமாக வந்தாள். வாசலில் சிவப்பைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா எரியுது?" என்று கேட்டுவிட்டு, அவளும் அங்கேயே நின்றாள்.