பதினான்காவது கட்டம்

மக்கள் முன்பைப் போல மனநிறைவோடு இருக்கிறார்களா, இல்லையா என்று கண்டறியும் பொறுப்பைக் குடிநீர் வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். வீடு வீடாகப் போய்வரப் பழகிய ஆட்கள் அந்த வாரியத்தில்தான் இருந்தார்கள். குழாயில் தண்ணீர் வராததால் அவர்களுக்கு வேறு வேலையும் இல்லை.

எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடுகள். இருபத்திரண்டு மாதமாக வாரம் இருமுறை லாரித் தண்ணீர்தான். வீட்டுக்கு எட்டுக் குடம் என்பார்கள். ஏழாவது குடத்திலேயே லாரியின் குழாய் இருமத் தொடங்கிவிடும். புதுக் குழாய் பதித்து நான்கு மாதம் ஆகிறது. தெருமுனையில் ஓர் இரும்பு மூடிக்குக் கீழே இருக்கிற வால்வைத் திறப்பது ஒன்றுதான் பாக்கி. வாரியம் அறிவித்தது: எந்தத் தெருவில் எல்லா வீட்டாரும் மனநிறைவுப் படிவத்தைக் குறைவின்றி நிரப்பித் தருகிறார்களோ, அந்தத் தெருவின் வால்வு உடனடியாகத் திறக்கப்படும்.

படிவத்தில் பதினாறு கட்டங்கள். பதின்மூன்றாவதில், வீட்டில் உள்ள பொருட்களின் எண்ணிக்கை. பதினான்காவதில், இன்னும் தேவைப்படும் பொருட்களின் எண்ணிக்கை. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதுதான் மனநிறைவு. வகுக்கிற வேலையை ஒரு கைக்கருவி பார்த்துக்கொள்ளும். தேவைகளைத் தேர்ந்தெடுக்க வசதியாக முந்நூற்றுப் பன்னிரண்டு பொருட்கள் கொண்ட பட்டியலும் படங்களோடு இணைக்கப்பட்டிருந்தது.

நாற்பது வீடுகள் இரண்டே நாளில் முடிந்தன. வங்கிக்காரர் வீட்டில் இடம் போதாமல் தாளின் பின்பக்கத்திலும் எழுதினார்கள். இருப்பது இருநூற்றுப் பதினான்கு, தேவை தொண்ணூற்றைந்து. மருந்துக்கடைக்காரரின் மனைவி, "வங்கிக்காரங்க வீட்ல எத்தனை எழுதினாங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தொண்ணூற்றேழு என்று எழுதச் சொன்னார்.

நாற்பத்தொன்றாவது வீடு தையல்காரருடையது. கணவனும் மனைவியும் மட்டும். முன்னறையில் தையல் மெஷின், துணி வெட்டும் பலகை, இரண்டு நாற்காலி.

"ஐயா, வீட்ல என்னென்ன இருக்கு?" என்று கேட்டாள் கணக்கெடுக்க வந்த பெண்.

"ஊசியெல்லாம் தனித்தனியா எண்ணணுமாம்மா?"

"வேண்டாங்கய்யா. ஊசிப்பெட்டி ஒண்ணுன்னு போட்டுக்கறேன்."

மொத்தம் அறுபத்து மூன்று வந்தது.

"சரி, இன்னும் என்ன தேவை?"

"தண்ணி."

அவள் எழுதிவிட்டாள். எழுதியபிறகு பட்டியலைப் பார்த்தாள். "தண்ணி இதுல இல்லையேய்யா. தண்ணி சேவையாம், பொருள் இல்லையாம். பொருளா ஏதாவது சொல்லுங்க." எழுதியதை அடித்தாள். அடித்தலுக்குப் பக்கத்தில் அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டாள். விதி அப்படி.

"அப்ப ஒண்ணும் வேண்டாம்மா."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

தையல்காரர் யோசித்தார். உள்ளே திரும்பி, "உனக்கு ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டார்.

"வேண்டியது எல்லாம் இருக்கு," என்றது மனைவியின் குரல். "நீங்க காலையில கொஞ்சம் சீக்கிரம் எழுந்தா தேவலை."

"அதுவும் பட்டியல்ல இல்லம்மா," என்றாள் பெண் வருத்தத்தோடு.

பதினான்காவது கட்டத்தில் சுழியத்தைத் தட்டினாள். கைக்கருவி முனகியது. மறுபடியும் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்து, கருவி தானாகவே அணைந்துபோனது.

மூன்றாம் நாள் தையல்காரரை மண்டல அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். மண்டல அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

"என்ன சார் செஞ்சேன்?"

"ஒண்ணுமே வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா சார்."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்ல சார். கேட்டாங்க, சொன்னேன்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சுழியத்தால எதையும் வகுக்க முடியாது. உங்க கணக்குப்படி மனநிறைவு அளவில்லாம போகுது. அளவில்லாததை எழுத எங்ககிட்ட கட்டம் இல்ல. மூணு இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருக்கோம்."

"அப்ப பேருக்கு ஒண்ணுன்னு போட்டுக்குங்க சார்."

"பொய்த் தகவல் கொடுத்தா ஆறு மாசம் உள்ள இருக்கணும், தெரியுமா? நீங்க உண்மையாவே ஆசைப்படணும். பதினஞ்சு நாள் தர்றேன்."

"ஆசை வரலைன்னா சார்?"

"முயற்சி பண்ணுங்க. ஊரே ஆசைப்படுது, உங்களுக்கு மட்டும் என்ன?"

ஆணையும் எழுத்தில் கொடுத்தார்கள். "மேற்படி நபர், இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், குறைந்தபட்சம் ஒரு பொருளின் மீதேனும் உண்மையான விருப்பம் கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறார். தவறும் பட்சத்தில் அவர் வசிக்கும் தெருவின் வால்வு நிரந்தரமாக மூடப்படும்."

தெருவே அன்று மாலை தையல்காரர் வாசலில் கூடியது. குடங்களோடு வந்தவர்களும் உண்டு.

"ஒரு மனுஷன் ஒண்ணும் வேண்டாம்னு இருந்தா எத்தனை பேருக்குக் கஷ்டம் பாருங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அவரைத் திட்டி என்ன பண்றது? பாவம், அவருக்குப் பழக்கமில்ல," என்றார் வங்கிக்காரர். "நம்ம குழாய்ல தண்ணி ஊறணும்னா முதல்ல இவர் நாக்குல எச்சில் ஊறணும். நல்ல பொருளைக் கண்ணால பார்த்தா ஊறாமலா போயிடும்?"

மறுநாள் காலையில் அவரே தன் வீட்டு நடைப்பயிற்சி மெஷினை நான்கு பேரோடு தூக்கிக்கொண்டு வந்தார். அதன் கைப்பிடியில் இரண்டு துண்டுகள் இன்னும் காய்ந்துகொண்டிருந்தன. "சும்மா வச்சுப் பாருங்கண்ணே. ஆசை வந்ததும் சொல்லுங்க." மருந்துக்கடைக்காரர் முதுகு பிடித்துவிடும் நாற்காலியை அனுப்பினார். ஒரு வீட்டிலிருந்து பழம் பிழியும் மெஷின் வந்தது. அதன் அட்டைப்பெட்டியே இன்னும் பிரிக்கப்படவில்லை. ஒன்பதாம் நாள் எண்ணியபோது எண்பத்தேழு பொருட்கள். துணி வெட்டும் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தையல்காரர் தையல் மெஷினை வாசலுக்குக் கொண்டுவந்தார். வெயில் பட்டால் நூல் இற்றுப்போகும் என்று நடுப்பகலில் தைப்பதில்லை.

அந்த நாட்களில் மற்ற நாற்பது வீடுகளில் ஏதோ மாற்றம் தெரிந்தது. வங்கிக்காரரும் அவர் மனைவியும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் தரையில் காலை நீட்டிப் படுத்து, "அப்பாடா" என்றது தெருவரை கேட்டது. காரணம் என்னவென்று அவர் மனைவி நிறைய யோசித்தார். போன வாரம் மாட்டிய புதுத் திரைச்சீலைதான் என்று கண்டுபிடித்து, இன்னும் நான்கு ஜோடி வாங்கினார்.

பதினான்காம் நாள், கணக்கெடுக்கும் பெண் பயந்துகொண்டே வந்தாள். தையல்காரர் நடைப்பயிற்சி மெஷினின் விளிம்பில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஏதாச்சும்..."

"இதையெல்லாம் அடுக்கி வைக்க ஒரு அலமாரி இருந்தா நல்லா இருக்கும்மா."

"மனசாரச் சொல்றீங்களா?"

"மனசார."

அவள் கண் கலங்கிவிட்டது. பட்டியலைப் பிரித்து நீட்டினாள். அலமாரியில் மட்டும் ஏழு வகை. தையல்காரரின் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கண்ணாடிக் கதவு வச்சது நல்லா இருக்குங்க."

"சரி, அதுவே இருக்கட்டும்."

"கண்ணாடின்னா உள்ள ஒரு விளக்கு வேணும். விளக்கு போட்டா சுவர் அசிங்கமாத் தெரியும், அதுக்கு ஒரு படம்..." அவர் பக்கத்தைத் திருப்பினார். "இது என்னம்மா, உருண்டையா?"

பதினான்காவது கட்டத்தில் நான்கு என்று விழுந்தது. ஆசை உண்மையானது என்பதற்கு முன்பதிவு ரசீது இணைக்க வேண்டுமாம். அலமாரிக்கு அங்கேயே பதிவு செய்தார்கள். அடுத்த வீட்டுப் பொருளானாலும் வீட்டுக்குள் இருந்தால் கணக்கில் சேர்க்கலாம் என்பது விதி. அறுபத்து மூன்றும் எண்பத்தேழும் நூற்றைம்பது. நான்கால் வகுத்தால் முப்பத்தேழரை. கைக்கருவி பச்சை விளக்குக் காட்டியது. வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

தட்டிய கைகள் ஓய்வதற்குள் வங்கிக்காரர் கேட்டார். "நமக்கு எவ்வளவும்மா வந்திருக்கு?"

"உங்களுக்கு இரண்டே கால் சார்."

"இவருக்கு முப்பத்தேழரை?"

"ஆமா சார். தெருவிலேயே இவர்தான் முதல்."

வங்கிக்காரர் அன்று மாலையே நான்கு பேரோடு வந்தார். "தப்பா நினைக்காதீங்கண்ணே, வீட்ல தேடறாங்க." விளக்கேற்றும் நேரத்துக்குள் எண்பத்தேழு பொருட்களும் போய்விட்டன. பழம் பிழியும் மெஷினுக்கு மட்டும் மூன்று வீட்டார் சொந்தம் கொண்டாடினார்கள்.

இரண்டு நாள் கழித்து அலமாரி வந்தது. உள்ளே வைக்க ஒன்றும் இல்லை. துணி வெட்டும் பலகை பழைய இடத்தில், மெஷின் பழைய இடத்தில், வீடு அப்படியே முன்பிருந்தபடி.

"வெறிச்சுன்னு இருக்கில்ல?" என்றார் மனைவி.

தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். இருபத்தாறு வருடமாகப் பார்த்த அறைதான். "ஆமா," என்றார். "என்னமோ குறையுது."

வால்வு மட்டும் திறக்கவில்லை. நான்காம் நாள் தெருமுனை இரும்பு மூடியின் மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

"இத்தெருவின் நாற்பத்தொரு படிவங்களும் கவனமாக ஆராயப்பட்டன. தேவைப்படும் பொருட்கள் மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. அவற்றுள் தண்ணீர் எந்த வீட்டாராலும் கோரப்படவில்லை. ஒரு வீட்டார் மட்டும் கோரி, பின்னர் தாமே கையொப்பமிட்டு நீக்கியுள்ளனர். தேவையற்ற இடத்தில் வால்வைத் திறப்பது பொதுச்சொத்தை வீணாக்குவதாகும்."

கணக்கெடுக்கும் பெண்ணைத் தெருவே மறித்துக்கொண்டது. "பட்டியல்ல இல்லன்னு நீதானேம்மா அடிச்ச?" என்றார் தையல்காரர்.

"ஆமாங்கய்யா. பட்டியல்ல இல்லாததைக் கேட்டா தனி மனுவா எடுத்துப்பாங்களாம். எனக்கே நேத்துதான் சொன்னாங்க."

"சரிம்மா, இவரை விடு," என்றார் மருந்துக்கடைக்காரர். "மத்த நாற்பது வீட்லயும் யாராச்சும் தண்ணி கேட்டாங்களா?"

அவள் படிவக் கட்டைப் புரட்டிப் பார்த்தாள். கூட்டத்தில் எல்லோரும் அவரவர் குடத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

கோபம் அன்று முழுவதும் இருந்தது. மறுநாள் ஒரு வண்டி வந்தது. தண்ணீர் சேமிக்கும் புது மாதிரி டிரம். மூன்று நிறங்களில், அடியில் சக்கரம், கையைக் காட்டினால் மூடி தானாகத் திறக்கும். நாற்பத்தொரு வீட்டிலும் வாங்கினார்கள். தையல்காரர் அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று வாங்கி வைத்தார். இப்போது தெரு முழுவதற்கும் டிரம் உறை தைக்கிறார், கை ஓய்வதில்லை. லாரி வருவது வாரம் இருமுறைதான், தருவது அதே எட்டுக் குடம்தான்.

எங்கள் வீட்டில் இரண்டு டிரம் வாங்கினோம். இரண்டும் காலியாகத்தான் இருக்கின்றன. எதிர்வீட்டில் மூன்று காலியாக இருக்கின்றன. அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.