மிதக்கக் கூடாத முட்டை

மூட்டை தூக்கும் லோடுமேன், மளிகைக் கடைக்குத் தரவேண்டிய பாக்கி இருநூற்றுப் பதினேழு ரூபாய். அதனால் கடைக்காரர் முகத்தைப் பாராமலேயே, "கணக்குல எழுதிக்குங்க முதலாளி" என்று ஒரு முட்டையை வாங்கிக்கொண்டு நழுவினார்.

முட்டை மகளுக்கு. மூன்றாம் வகுப்பு. ஒன்பதரைக்கு வகுப்பின் முன்னால் நின்று அவள் சோதனை செய்து காட்ட வேண்டும். வெறும் தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்பைக் கரைத்தால் மேலே வரும். போன மாதம் அவளுடைய காந்தம் எதிலும் ஒட்டாமல் வகுப்பே சிரித்தது. இன்னொரு தடவை சிரித்தால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம் பாப்பா."

குழாயில் காற்றுதான் வந்தது. பொது முற்றத்தில் நிரம்பி நின்ற ஒரு பக்கெட்டில் ஒரு செம்பு மொண்டு முட்டையைப் போட்டார். மிதந்தது.

"அப்பா, இன்னும் உப்பே போடலையே!"

"அமுக்கிப் பிடி. தானா அடங்கும்."

அமுக்கினாள். விட்டதும் குபுக்கென்று மேலே வந்தது.

"கெட்ட முட்டைதான்மா மிதக்கும். கடன்காரன்னா இளக்காரம் அந்தக் கடைக்காரருக்கு!"

அவருக்கு ரத்தம் கொதித்தது. பக்கெட்டையே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கு நடந்தார். மூட்டை சுமக்கிற தோளுக்கு அது ஒரு பாரமா? மகளும் முட்டையோடு பின்னால் ஓடினாள்.

பக்கெட்டைக் கடை வாசலில் வைத்து, கடையிலிருந்தே ஆறு முட்டைகளை எடுத்துப் போட்டார். ஆறும் மிதந்தன.

"ஐயையோ, நேத்துதானே ஒரு டஜன் வாங்கினேன்!" என்றாள் ஒருத்தி. கூட்டம் சேர்ந்தது.

கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. "யோவ், கத்தாதய்யா! உன் பாக்கி மொத்தத்தையும் அடிச்சிடுறேன்." கணக்கு நோட்டில் கோடு போட்டு அடித்தும் விட்டார்.

"பாக்கி கிடக்கட்டும் முதலாளி. எனக்கு முழுகுற முட்டை வேணும்!"

மணி ஒன்பது பத்து. மகள் உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தாள்.

அப்போது மாடி வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "என் பக்கெட்டை எவன்டா தூக்கினது? புதுச் சேலை சாயம் போகாம இருக்க ரெண்டு கிலோ உப்பு கரைச்சு வச்சிருந்தேனே!"

லோடுமேன் பக்கெட்டில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். முகம் கோணியது.

கடைக்காரரின் குடிதண்ணீரை ஒரு செம்பில் வாங்கி, முட்டையைக் கழுவிப் போட்டாள் மகள். டொக். அடியில் போய் உட்கார்ந்தது.

"முழுகிருச்சுப்பா!"

அவருக்கு மார்பிலிருந்து நெல் மூட்டையை இறக்கியது போல இருந்தது. மகள் முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஓடினாள். கூட்டமும் சிரித்துக்கொண்டே கலைந்தது.

லோடுமேன் தலையைச் சொறிந்தார். "தப்பு என் மேலதான் முதலாளி. பாக்கியைத் திரும்ப எழுதிக்குங்க. சனிக்கிழமை கூலி வந்ததும் குடுத்துடுறேன்."

கடைக்காரர் தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்யா. உப்பே இல்லாம மிதக்குற முட்டை கீழ்த்தட்டுல ரெண்டு டஜன் இருக்கு, சத்தம் போடாமப் போ."