இருபத்துநான்கிலேயே நின்ற மண்

வாயில் மிச்சமிருக்கும் பற்கள்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மண்ணுக்கே ஒழுக்கம் கற்பித்த ஆய்வகம் உலகில் அது ஒன்றுதான்.

ஊழியர் குடியிருப்புக்குப் பின்னால், மேட்டு மண்ணைத் தாங்கி ஒரு நெடிய சுவர். அது நிற்குமா, சாயுமா என்று அறிய, ஆய்வகத்து இரும்புத் தொட்டியில் மணல் நிரப்பி, அதே சுவரைச் சின்னதாய்க் கட்டியிருந்தார்கள். மணலுக்குள் மண்ணின் அழுத்தத்தை அளக்கும் கருவி என்றார்கள். எதிரே பலகையில் சிவப்பு எண்: 24.

மணல் சலிக்கும் இளம் பொறியாளருக்குச் சல்லடையார் என்று பெயர். கூடை கூடையாய் மணல் கொட்டினார்: 24. தண்ணீர் ஊற்றினார்: 24. தானே ஏறிக் குதித்தார்: 24.

“என்ன நிதானம் பாத்தியாய்யா!” என்று நெகிழ்ந்தார் இயக்குநர். “சரி, புழுங்குது. ஏசியக் கூட்டு.”

கூட்டியதும் எண் 20க்கு இறங்கியது.

“நான் வந்து நின்னதும் நாலு கொறஞ்சிடுச்சு பாரு!”

உடனே கூட்டம் கூடியது. மண்ணின் ‘மரியாதை உணர்வு’ பதிவு செய்யப்பட்டது. இயக்குநர் தினமும் தொட்டியருகே நின்று சுவரின் பாரத்தைக் குறைத்தருள வேண்டுமென ஏகமனதாகத் தீர்மானம். சாயங்காலத்துக்குள் ‘சுவர் பத்திரம்’ என்று சல்லடையார் கையெழுத்திட்டால் அவர் வேலை நிரந்தரம்.

அந்த நேரம் பார்த்து, குடியிருப்பிலிருந்து அவர் மனைவியின் போன்.

“என்னங்க, பின்சுவர் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. பின்கதவத் தெறக்க முடியல.”

“கருவி இருபதுன்னு காட்டுதும்மா.”

“அப்ப அந்தக் கருவியவே வந்து முட்டுக் கொடுக்கச் சொல்லுங்க! புள்ள அந்த ரூம்லதான் தூங்குது.”

சல்லடையார் தொட்டிக்குள் இறங்கி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். மணல்தான் வந்தது.

“சார், கருவியக் காணோம்!”

இயக்குநர் பீரோவைத் திறந்து, பட்டுத்துணி சுற்றிய பெட்டியைக் காட்டினார். “எவ்வளவு ஒசத்தியான சாமான்! இதப் போய் யாராவது மண்ணுல பொதைப்பாங்களா?”

“அப்ப அந்த நம்பரு?”

“ஏசியோடது. பலகை சும்மா கெடந்தா, பாக்க வர்றவன் என்னய்யா நினைப்பான்?”

விஞ்ஞானியின் நெஞ்சுரம் அப்போதுதான் வெளிப்பட்டது. சல்லடையார் மனைவியைப் போனில் அழைத்து, பிள்ளையோடு உடனே அம்மா வீட்டுக்குக் கிளம்பச் சொன்னார். பஸ் ஏறியாயிற்று என்று தகவல் வந்த பிறகு, கையெழுத்திட்டார்: ‘சுவர் பத்திரம்.’

அந்தச் சுவரடியில் இன்னும் பதினொரு வீடுகள் இருக்கின்றன. அங்கே யாருக்கும் போன் போகவில்லை.